விருந்தினர் வரும் நாளில் வீட்டிலேயே ஸ்டார்ட்டர்: முதல் நாள் ஊறலிலிருந்து மேசை வரை முழுமையான வழிகாட்டி

விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகும் அடுப்படியிலேயே நின்று, எண்ணெயில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருப்பவரிடம் யாரும் நிம்மதியாகப் பேச முடியாது. ஆகவே ஸ்டார்ட்டருக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒரே ஒரு கேள்வி: அழைப்பு மணி அடிக்கிற நேரத்தில் என் கை எந்த வேலையில் இருக்கும்? கரண்டி பிடித்த கை என்றால் அந்தப் பண்டம் வேண்டாம். எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி.

இதிலிருந்து வருவதுதான் கீழே உள்ள கணக்கு. ஒன்று முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். இன்னொன்றின் பாகங்கள் தயாராக இருந்து, கடைசியில் அடுக்கி வைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். மூன்றாவது, ஓவனுக்குள் போய்த் தானாக வெந்து சூடாக வெளியே வர வேண்டும். ஆறிலிருந்து எட்டுப் பேர் வருகிற விருந்துக்கு இந்த மூன்றே தாராளம். ஐந்து வகை, ஆறு வகை என்று ஆசைப்பட்டால் கழுவ வேண்டிய பாத்திரம்தான் கூடும்.

எவ்வளவு செய்வது

பின்னால் முழுச் சாப்பாடு இருக்கிறது என்றால் ஒருவருக்கு 4 முதல் 6 வாய் போதும். எல்லா வகையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, வகைக்கு ஆறு அல்ல. சாப்பாடு பரிமாற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் 7, 8 வரை போகலாம். சாப்பாடே கிடையாது, கொறிப்பதுதான் விருந்து என்றால் 10 முதல் 12.

தொட்டுச் சாப்பிடும் டிப் வகைக்கு ஒருவருக்கு 3 டேபிள்ஸ்பூன், சூப்புக்கு 100 முதல் 120 மில்லி. சூப்பைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் வயிறு அங்கேயே நிறைந்துவிடும். சின்ன டம்ளரிலோ காபி கோப்பையிலோ கொடுத்தால் நின்றுகொண்டே குடிக்கலாம், கரண்டியும் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் சாப்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதில் க்ரீம், சீஸ், நெய் அதிகம் என்றால் ஸ்டார்ட்டர் புளிப்பும் மொறுமொறுப்புமாக இருக்கட்டும். சாப்பாடு எளிமையானது என்றால் இங்கே கொஞ்சம் கனமாகப் போகலாம். ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள்; சாப்பாட்டில் கோழி இருந்தால் ஸ்டார்ட்டரில் கோழி வேண்டாம்.

அடுத்தது, ஒரு கையால் எடுத்து இரண்டு வாயில் தீரக்கூடியதாக இருக்க வேண்டும். விருந்தினரின் இன்னொரு கையில் பானம் இருக்கும், சிலருக்குக் குழந்தை இருக்கும். கத்தி வைத்து வெட்டிச் சாப்பிட வேண்டியது, கடித்தால் சட்டையில் சொட்டுவது இரண்டையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அழைக்கும்போதே யாருக்காவது எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிடுவது நல்லது. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, பாதாம் முந்திரி வகைகள், எள், சோயா, மீன், இறால் நண்டு போன்றவைதான் பெரும்பாலும் ஒவ்வாமை தருபவை. நாம் கேட்காமல் விடுவது எள்ளைத்தான். கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்துச் செய்யும் ஹம்மஸ் என்ற டிப்பில் அது அரைபட்டுக் கலந்துவிடுவதால் பார்த்தால் தெரியாது.

முதல் நாளே முடிப்பவை

*ஹம்மஸ்*

கொண்டைக்கடலையை வேகவைத்து அரைத்தால் ஹம்மஸ் என்று நினைத்தால் கரகரப்பான ஒரு மாவுதான் கிடைக்கும். வெண்ணெய் போல வழுவழுப்பாக வருவதற்கு இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்: கடலை வேகும் பதம், எள் விழுதைச் சேர்க்கும் முறை.

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம் எடுத்து, மூழ்கி மூன்று விரற்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். சோடாவின் காரத்தன்மை கடலையின் தோலைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டினை இளக்குகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டி, நன்றாக அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கர் என்றால் சாதாரணமாகச் சுண்டலுக்கு வைப்பதைவிட இரண்டு மூன்று விசில் கூடவே விடலாம். பதம் பார்க்க ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பிசைந்த மாவாக வழிய வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பருக்கை தட்டுப்பட்டாலும் இன்னும் வேக வேண்டும். குழைந்து தோல் மிதந்தால் பயப்படாதீர்கள். நமக்கு வேண்டியதே அதுதான்.

எள் விழுது கடையில் தஹினி என்ற பெயரில் கிடைக்கும். இல்லையென்றால் 100 கிராம் வெள்ளை எள்ளை மிதமான தீயில் நிறம் லேசாக மாறும் வரை வறுத்து ஆறவைத்து, 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு மிக்ஸியில் ஓட விட்டால் ஆயிற்று. எள் சிவந்துவிட்டால் விழுது கசக்கும்.

இப்போது பூண்டு. இரண்டு பல்லை நசுக்கி, 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் முக்கால் டீஸ்பூன் உப்போடு போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து நெடியை உண்டாக்குகிறது. புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்துவதால், மணம் இருக்கும், நாக்கைச் சுடும் காட்டம் இருக்காது. பச்சைப் பூண்டு சேரும் எந்த டிப்புக்கும் இதைச் செய்யலாம்.

அந்தச் சாற்றோடு 100 கிராம் எள் விழுதைச் சேர்த்து அடித்தால் முதலில் கெட்டியாகத் திரண்டு, கெட்டுப்போனது போலத் தெரியும். விட்டுவிடாதீர்கள். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக ஊற்றி அடித்துக்கொண்டே வந்தால் நான்கைந்து ஸ்பூனுக்குள் இளகி, வெளுத்து, க்ரீம் போல வந்துவிடும். பிறகு வெந்த கடலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் விடாமல் அரையுங்கள். ஆலிவ் எண்ணெயை மிக்ஸிக்குள் ஊற்ற வேண்டாம், வேகமாக அரைபட்டால் சில எண்ணெய்கள் கசக்கும். பரிமாறும்போது மேலே ஊற்றினால் போதும்.

குளிர்ந்த பிறகு ஹம்மஸ் இறுகும் என்பதால் அரைக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே நிறுத்துங்கள். உப்பையும் மறுநாள் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பண்டத்தில் சுவை நாக்கில் மந்தமாகவே படும். சூட்டில் சரியாக இருந்த உப்பு, குளிரில் குறைவாகத் தெரியும்.

*கெட்டித் தயிர் டிப்*

எள் ஆகாதவர்கள் வந்தால் இதைச் செய்யலாம். அரைக் கிலோ தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு குளிர்சாதனப்பெட்டியில் 4 முதல் 6 மணி நேரம் வையுங்கள். ஏறக்குறைய பாதி தண்ணீராக வடிந்துவிடும். மிச்சத்தில் பொடியாக நறுக்கிய புதினா, உப்பு, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். வெள்ளரிக்காய் சேர்ப்பதாக இருந்தால் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்த பிறகே சேருங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் டிப் நீர்த்துவிடும், தயிரைக் கட்டி வடியவிட்ட வேலையெல்லாம் வீண்.

*காரப் பருப்புகள்*

பாதாம், முந்திரி, நிலக்கடலை என்று 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே எண்ணெய் தடவி மசாலா தூவினால் தூளெல்லாம் தட்டின் அடியில்தான் இருக்கும். ஒரு முட்டை வெள்ளைக்கருவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரோடு நுரைக்க அடித்து அதில் பருப்புகளைப் புரட்டினால் மசாலா ஒட்டிக்கொள்ளும். முட்டை வேண்டாம் என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் தேனும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும். மேலே ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் சீரகத்தூள். தட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 150 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைத்தால் கருகும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும்.

அன்றைக்கு அடுக்கி வைப்பவை

*தக்காளி டோஸ்ட்*

இத்தாலியர்களின் ப்ருஸ்கெட்டா. சுலபம் என்று பெயர் எடுத்தது, ஆனால் பல வீடுகளில் நசநசத்துப் போவதும் இதுதான். காரணம் தக்காளியின் தண்ணீர். பழுத்த தக்காளி 400 கிராமைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டு வடிகட்டியில் 20 நிமிடம் விடுங்கள். அடியில் சேரும் சாற்றைக் கொட்டாமல் சாலட்டிலோ சூப்பிலோ சேர்க்கலாம். வடிந்த தக்காளியில் துளசி வகையான பேசில் இலை, ஒரு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், சில துளி வினிகர்.

ரொட்டியை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான கனத்தில் வெட்டி, இருபுறமும் எண்ணெய் தடவி 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், அல்லது தவாவில் இருபுறமும் சிவக்கும் வரை. சூட்டோடு ஒரு பூண்டுப் பல்லை எடுத்து மேலே தேயுங்கள். சொரசொரப்பான டோஸ்ட் அரம் போலப் பூண்டைத் தேய்த்து எடுத்துக்கொள்ளும், பல் கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலையிலேயே டோஸ்ட் செய்து டப்பாவில் வைக்கலாம், தக்காளியையும் தனியாக வைக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்ப்பது பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான். அதைவிட நல்ல வழி, தக்காளியைக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் டோஸ்ட்டை அடுக்கிவிடுவது. அவரவரே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

*மசாலா முட்டை*

ஆறு முட்டைக்குப் பன்னிரண்டு துண்டு. அன்றைக்கு வாங்கிய முட்டையைவிட ஒரு வாரம், பத்து நாள் ஆன முட்டைதான் தோல் உரிக்கச் சுலபம். நாளாக ஆக வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறி, உள்தோலில் ஒட்டுவது குறைகிறது. பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றாமல், கொதிக்கிற தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். 11 நிமிடத்தில் எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கூடுதலாக வெந்தால் மஞ்சள்கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் விழும். அது மஞ்சள்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இராது.

நீளவாக்கில் இரண்டாக வெட்டி மஞ்சள்கருவை எடுத்து, 3 டேபிள்ஸ்பூன் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்து மசித்து மறுபடி நிரப்புங்கள். நுனி வெட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிழிந்தால் அழகாக விழும். ஸ்பூனால் வைத்தாலும் ருசி ஒன்றுதான். தட்டில் வழுக்கி ஓடாமலிருக்க ஒவ்வொரு துண்டின் அடியிலும் மெல்லியதாக ஒரு சீவல் சீவிவிடுங்கள்.

சூடாக வருவது: குச்சியில் கோத்த கோழி

மூன்றில் இதுதான் மேசையில் முதலில் காலியாகும். எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ, இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகள். நெஞ்சுக்கறியும் ஆகும், ஆனால் இரண்டு நிமிடம் கூடினால் சக்கையாகிவிடும். தொடைக்கறியில் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் கூட வெந்தாலும் மன்னித்துவிடும். விருந்தினரோடு பேசிக்கொண்டே சமைப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், சீரகத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் கலந்து கறியைப் பிரட்டி, நான்கு மணி நேரமோ இரவு முழுவதுமோ குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். தயிரின் மெல்லிய புளிப்பு இவ்வளவு நேரம் தாங்கும். எலுமிச்சைச் சாற்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கடும் புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் கறியின் மேல்பகுதி மாவு மாதிரி ஆகிவிடும். எலுமிச்சை வெந்த பிறகு பிழிவதற்கு.

மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் நுனி சீக்கிரம் கருகாது. துண்டுகளை நெருக்கிக் கோக்காமல் மயிரிழை இடைவெளி விடுங்கள், நெருக்கினால் ஒட்டுகிற பக்கம் வேகாமல் நின்றுவிடும். ஓவனை 220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். ஓவன் சூடேறவே 15 முதல் 20 நிமிடம் ஆகும், அதன் விளக்கு அணைந்த உடனே நம்பிவிடாதீர்கள். தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன் மேல் குச்சிகளை அடுக்கினால், சொட்டும் நீரில் கறி வேகாமல் சுற்றிலும் சூடு படும். கறி வேக 15 முதல் 18 நிமிடம், கடைசி இரண்டு நிமிடம் மேல் சூட்டில் விட்டால் ஓரங்கள் கருஞ்சிவப்பாக வரும். நடுத்துண்டில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, வழியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். கறி ஊறிய மசாலா மிஞ்சினால் அதைத் தொட்டுக்கொள்ள வைக்கவே கூடாது.

ஓவன் இல்லாதவர்கள் கனமான தவாவில் மூடாமல், திருப்பித் திருப்பிப் போட்டு 10 முதல் 12 நிமிடத்தில் எடுக்கலாம். சைவத்துக்கு இதே மசாலாவில் பனீர் அல்லது காளான். பனீருக்கு ஒரு மணி நேர ஊறல் போதும், ஓவனில் 10 நிமிடம். காளான் சுண்டிவிடும் என்பதால் முழுசாகவே கோத்துவிடுங்கள். சைவமும் அசைவமும் ஒரே தட்டில் வேக வேண்டாம். பச்சைக்கறி வெட்டிய பலகையில் வேறெதையும் வெட்டவும் வேண்டாம்.

பொரித்தே ஆக வேண்டும் என்றால்

எனக்கு விருந்து நாளில் பொரிப்பதில் விருப்பம் இல்லை. வீடெல்லாம் எண்ணெய் வாசனை, பத்து நிமிடத்தில் தளர்ந்துபோகும் பண்டம். இருந்தாலும் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒரு வழி உண்டு. முதலில் 150 டிகிரிச் சூட்டில் நிறம் மாறாமல் வேகும் வரை பொரித்து எடுத்துப் பரப்பி வைத்துவிடுங்கள். விருந்தினர் வந்ததும் 180 முதல் 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். கொஞ்சம் கொஞ்சமாகவே போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, கிழங்கு எண்ணெய் குடிக்கும். எடுத்ததைக் காகிதத்தில் குவித்தால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். கம்பி வலையில் பரப்புவதே மேல்.

நேரக் கணக்கு

இரவு 8 மணிக்கு விருந்தினர் வருவதாக வைத்துக்கொள்வோம்.

1. முந்தின நாள் காலை: கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள்.
2. முந்தின நாள் மாலை: ஹம்மஸ் அரையுங்கள். பருப்புகளை வறுத்து டப்பாவில் போடுங்கள். கோழியை ஊறவைத்துவிட்டுப் படுங்கள்.
3. அன்று மதியம்: ரொட்டியை டோஸ்ட் செய்துகொள்ளுங்கள். முட்டை செய்வதானால் வேகவைத்து உரித்து மூடி வைக்கலாம்.
4. 6:30: குச்சிகளைத் தண்ணீரில் போடுங்கள். தக்காளியை நறுக்கி உப்பிட்டு வடிய வையுங்கள்.
5. 7:00: கோழியைக் கோத்து மறுபடி குளிரில் வையுங்கள். தட்டுகளை எடுத்து வைத்து, எதில் எது என்று முடிவு செய்துவிடுங்கள்.
6. 7:30: ஹம்மஸை வெளியே எடுத்து, உப்புப் பார்த்து, தட்டில் பரப்பி, கரண்டிப் பின்புறத்தால் ஒரு குழி போட்டு எண்ணெய் ஊற்றுங்கள்.
7. 7:40: ஓவனை மூட்டுங்கள். உடை மாற்றிக்கொள்ள இதுவே நேரம்.
8. 8:00: மணி அடித்ததும் பருப்பும் ஹம்மஸும் மேசைக்கு. கோழி ஓவனுக்குள்.
9. 8:20: சூடான குச்சிகளைக் கொண்டு வாருங்கள், கூடவே டோஸ்ட்டும் தக்காளியும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். பாதிப்பேர் தாமதம் என்றால் கோழியையும் இரண்டு பங்காக உள்ளே வையுங்கள். பருப்பும் ஹம்மஸும் முதலில் வருவதன் காரணமே இதுதான், அவை யாருக்காகவும் காத்திருக்கும்.

மேசையில்

எல்லாவற்றையும் ஒரே பெரிய தட்டில் கொட்டாமல், சின்னத் தட்டுகளில் கொஞ்சமாக வைத்து நிரப்பிக்கொண்டே இருங்கள். கடைசி விருந்தினருக்கும் தட்டு புதிதாகத் தெரியும், சூடும் குறையாது. இரண்டு இடத்தில் பிரித்து வைத்தால் கூட்டம் ஒரே மூலையில் நெரியாது. ஒவ்வொரு டிப்புக்கும் தனி ஸ்பூன் கட்டாயம். டிஷ்யூ பேப்பரை நினைத்ததைவிட இரண்டு மடங்கு வையுங்கள். பயன்படுத்திய குச்சிகளைப் போட ஒரு கிண்ணம் வைத்து, நீங்களே முதல் குச்சியை அதில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பூந்தொட்டியில் கிடைக்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வந்தால் முழுப் பருப்புகளை எட்டாத உயரத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும். குச்சியிலிருந்து கறியை உருவிக் கொடுங்கள்.

முட்டை, தயிர், கோழி, ஹம்மஸ் இவை அறை வெப்பத்தில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் வாட்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். எண்ணெயில் பச்சைப் பூண்டு போட்டு ஊறவைத்தது மிச்சமானால் அடுப்படி மேடையில் விடவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும், அது வாசனையில் காட்டிக்கொடுக்காது. செய்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

மிச்சத்தில் ஹம்மஸும் வெந்த கோழியும் மூடிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். அது மேசைக்கே போகாமல் பாத்திரத்தில் இருந்த பங்குக்கு. பலர் தொட்டு எடுத்த கிண்ணத்தில் மீந்தது குப்பைக்கு. தக்காளி வைத்த டோஸ்ட்டை எப்படி வைத்தாலும் மறுநாள் வாயில் வைக்க முடியாது. தக்காளி படாத டோஸ்ட்டை மிக்ஸியில் பொடித்து வைத்தால் அடுத்த முறை கட்லெட்டுக்கு ரொட்டித்தூள் வாங்க வேண்டியதில்லை.